பெரியம்மாவின் போன் நோட்டு: லேண்ட்லைன் எண்ணிலிருந்து வீட்டு வாசலுக்கு

பெரியம்மா வீட்டு பீரோவில் ஒரு போன் நோட்டு இருக்கிறது. எப்போதோ ஒரு நகைக்கடையில் கொடுத்த சின்ன டைரி. அட்டை பிய்ந்து போனதால் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறார். தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிகையில் பேர் எழுத உட்கார்ந்தபோது அதை எடுத்தோம். ‘க’ பக்கத்தில் ‘கல்லிடை அத்தை’ என்று ஒரு பெயர், எதிரே ஐந்து இலக்க எண், அதை ஒட்டி பி.பி. என்று இரண்டு எழுத்து. முகவரி இல்லை. பெரியப்பா இருந்தவரை தெருவும் வீடும் அவர் மனசிலேயே இருந்தன. எழுதி வைக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

“நம்பர் இருக்குல்லா? அத வச்சு வீடு எங்கன்னு பாத்துச் சொல்லு” என்றார் பெரியம்மா.

இதே கேள்வியை வேறு பலரும் வேறு காரணங்களுக்காகக் கேட்கிறார்கள். பழைய கிரயப் பத்திரத்தோடு கிடந்த ரசீதில் ஒரு எண் மட்டும் இருக்கிறது, அந்த ஆள் எங்கே என்று தேடுபவர்கள் உண்டு. 0462 என்று தொடங்கும் தவறிய அழைப்பைப் பார்த்து யாராக இருக்கும் என்று யோசிப்பவர்கள் உண்டு. ராத்திரி நேரத்தில் யாரோ கூப்பிட்டுத் தொல்லை கொடுக்கிறார்கள், அது யார் என்று தெரிய வேண்டும் என்கிறவர்களும் உண்டு. எல்லோருக்கும் முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான். லேண்ட்லைன் எண் நம்மை ஊர் வரைக்கும் கொண்டுபோய் விடும், சில சமயம் ஊருக்குள் ஒரு பகுதி வரைக்கும்கூட. அதற்கு மேல் வாசல் வரை கூட்டிப்போக எண்ணால் ஆகாது, ஆள் வேண்டும். அது அப்படி இருப்பதுதான் சரி என்றும் நினைக்கிறேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஊரைச் சொல்லும் இலக்கங்கள்

நம் நாட்டு லேண்ட்லைன் எண்ணில் ஊர்க்குறியீடும் வீட்டு எண்ணும் சேர்ந்து 10 இலக்கம். முன்னால் அழுத்தும் 0 இந்தக் கணக்கில் வராது. சென்னையின் குறியீடு 44, அதனால் வீட்டு எண் 8 இலக்கம். திருநெல்வேலியின் குறியீடு 462, வீட்டு எண் 7 இலக்கம். தென்காசிக்கு 4633, வீட்டு எண் 6 இலக்கம். குறியீடு நீண்டால் வீட்டு எண் சுருங்கும். பெரிய நகரத்துக்கு நிறைய எண்கள் வேண்டும், சின்ன ஊருக்கு அவ்வளவு வேண்டாம் என்பதுதான் காரணம்.

குறியீட்டின் முதல் இலக்கம் 4 என்றால் பெரும்பாலும் தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம் ஆகிய மூன்றில் ஒன்று. ஐதராபாத்தின் 040 இதற்கு விலக்கு. அடுத்து 6 வந்தால் பெரும்பாலும் தெற்குக் கோடி. நம் பக்கத்துக் குறியீடுகளை வரிசையாகச் சொல்லிப் பார்ப்போம். 0461 தூத்துக்குடி. 0462 திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், பேட்டை எல்லாம் இதற்குள் அடக்கம். 04633 தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, கடையநல்லூர், ஆலங்குளம், சுரண்டை இதில் வரும். 04634 அம்பாசமுத்திரம்; கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், விக்கிரமசிங்கபுரம் இதில். 04635 நாங்குநேரி, களக்காடு. 04636 சங்கரன்கோவில், புளியங்குடி, வாசுதேவநல்லூர். 04637 வள்ளியூர், ராதாபுரம், திசையன்விளை, கூடங்குளம்.

இதே 0463 வரிசையில்தான் ஸ்ரீவைகுண்டம் 04630, கோவில்பட்டி 04632, விளாத்திகுளம் 04638, திருச்செந்தூர் 04639 ஆகியவையும் இருக்கின்றன. இந்த நான்கும் இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம். ஆனால் எண்ணைப் பார்த்தால் அம்பாசமுத்திரத்துக்கும் சங்கரன்கோவிலுக்கும் கூடப்பிறந்தவை மாதிரி நிற்கின்றன. 1986-ல் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தது, 2019-ல் தென்காசி பிரிந்தது. போன் எண்ணில் மட்டும் பழைய ஒன்றுபட்ட நெல்லை மாவட்டம் கலையாமல் இருக்கிறது. நெல்லைக்காரர்களுக்கு இதில் ஒரு சந்தோஷம் உண்டு, எனக்கும் உண்டு.

முகவரி தேடுகிறவருக்கு இதனால் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. இந்தக் குறியீடுகள் வருவாய்த் துறையின் எல்லைப்படி இன்று ஓடுவதில்லை. இவை தொலைபேசிக் கட்டணத்துக்காக முன்பு போட்ட எல்லைகள். கடையத்தையும் ஆழ்வார்குறிச்சியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இப்போது தென்காசி மாவட்டம். குறியீடு மட்டும் அம்பாசமுத்திரத்தின் 04634. அந்தக் குறியீட்டைப் பார்த்துவிட்டு ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்று எழுதினால் தப்பாகிவிடும்.

பழைய எண்ணைப் புது எண்ணாக்குவது

பெரியம்மாவின் நோட்டில் இருந்தது ஐந்து இலக்கம். கல்லிடை என்றால் கல்லிடைக்குறிச்சி, குறியீடு 04634. அதற்கு ஆறு வேண்டும். ஒன்று எங்கே போனது?

2002, 2003 வாக்கில் நாடு முழுவதும் லேண்ட்லைன் எண்களுக்கு முன்னால் ஒரு இலக்கம் சேர்த்தார்கள். தனியார் நிறுவனங்கள் லேண்ட்லைன் கொடுக்க வந்துவிட்டதால் எந்த எண் யாருடையது என்று பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. பி.எஸ்.என்.எல். எண்களுக்கு 2 வந்தது. திருச்செந்தூரில் 42 என்று தொடங்கியவை 242 ஆயின. பாளையங்கோட்டையில் 57 என்று தொடங்கியவை 257 ஆயின. இன்றும் 2-ல் தொடங்கினால் பி.எஸ்.என்.எல்., 4-ல் தொடங்கினால் ஏர்டெல், 6-ல் தொடங்கினால் டாடா என்று பொதுவாகப் படிக்கலாம்.

ஆகவே பழைய காகிதத்தில் இருக்கும் எண்ணில் ஒரு இலக்கம் குறைந்தால் முதலில் 2 சேர்த்துப் பாருங்கள். அதோடு அந்தக் காகிதம் 2003-க்கு முந்தியது என்பதும் தெரிந்துவிடும். அதைவிடப் பழைய கல்யாணப் பத்திரிகைகளில் ‘போன்: 23’ என்று வெறும் இரண்டு இலக்கம் இருக்கும். அது தொலைபேசி நிலையமான எக்ஸ்சேஞ்சில் கையால் இணைப்புக் கொடுத்த காலத்து எண். டிரங்கால், அதாவது வெளியூர் அழைப்பு போட்டு “கல்லிடைக்குறிச்சி 23” என்று ஆபரேட்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். அந்த எண்ணை இன்றைய எண்ணாக மாற்ற எந்த வாய்ப்பாடும் கிடையாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. கொஞ்ச காலம் பக்கத்து ஊர்களுக்குப் பேச 0-க்குப் பதிலாக 95 போடும் முறை இருந்தது. அந்தக் காலத்து விசிட்டிங் கார்டுகளில் 95462 என்று அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து ஏதோ செல்போன் எண் என்று நினைத்துவிடுவார்கள். அந்த 95-ஐ எடுத்துவிட்டு 0 போட்டால் திருநெல்வேலி வந்துவிடும். இதற்கு நேர் எதிராக, 80 என்று தொடங்கும் 10 இலக்க எண் செல்போன் மாதிரியே தெரியும். அது பெங்களூரு லேண்ட்லைனாகவும் இருக்கலாம், ஏனென்றால் அந்த ஊரின் குறியீடு 080.

நடு இலக்கங்கள்

குறியீட்டுக்கு அடுத்து வரும் இரண்டு, மூன்று இலக்கங்கள்தான் தேடுகிறவருக்கு அதிகம் உதவுபவை. அவை எக்ஸ்சேஞ்சைச் சொல்லும். 04633-க்குப் பின்னால் 283 வந்தால் குற்றாலம். அதே 283, 04634-க்குப் பின்னால் வந்தால் ஆழ்வார்குறிச்சி. குறியீட்டோடு சேர்த்துப் படித்தால்தான் அர்த்தம், தனியாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

நம் கிராமங்களில் இது இவ்வளவு துல்லியமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1984-ல் தொடங்கிய சி-டாட் என்ற அரசு ஆராய்ச்சி மையம், கிராமத்துக்கு என்றே ஒரு சின்ன எக்ஸ்சேஞ்சை வடிவமைத்தது. 128 முனைகள் கொண்டது; ஏ.சி. தேவையில்லை, ஒரு சின்ன அறைக்குள் வைத்துவிடலாம். முதல் எக்ஸ்சேஞ்ச் 1986-ல் கர்நாடகத்தின் கிட்டூரில் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு நாடெங்கும் ஊர் ஊராக இப்படி எக்ஸ்சேஞ்சுகள் வந்தன. நூறு இணைப்பு அளவுக்கு ஒரு எக்ஸ்சேஞ்ச் இருந்த ஊரில், நடு இலக்கங்களைப் பார்த்தாலே அந்த ஊரும் அதை ஒட்டிய ஒன்றிரண்டு கிராமங்களும் என்று முடிந்துவிடும்.

எந்த நடு இலக்கம் எந்த ஊர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதே குறியீட்டோடும் அதே முதல் மூன்று இலக்கங்களோடும் தொடங்கும் பள்ளிக்கூடம், வங்கிக் கிளை, ஆரம்ப சுகாதார நிலையம், கோவில் அலுவலகம் எது என்று தேடுங்கள். இவை எல்லாம் பொது இடங்கள்; தங்கள் எண்ணைத் தாங்களே வெளியிடுபவை. மூன்று நான்கு இடங்கள் ஒரே ஊரில் வந்து நின்றால் நீங்கள் தேடும் எண்ணும் அந்த எக்ஸ்சேஞ்சைச் சேர்ந்ததுதான். பஜாரில் பழைய கடைகளின் பெயர்ப்பலகையைப் பார்த்தாலும் போதும். பெயிண்ட் உரிந்தாலும் எண்ணை அழிக்காமல் வைத்திருப்பார்கள்.

லேண்ட்லைன் எண்ணை இன்றைக்கும் நம்பிப் படிக்க முடிவதற்கு இன்னொரு காரணம், செல்போன் மாதிரி எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி இதற்கு இந்தியாவில் கிடையாது. எண் தன் நிறுவனத்தோடும் தன் பகுதியோடும்தான் இருக்கும்.

கடைசி இலக்கங்களும் செம்புக் கம்பியும்

கடைசி மூன்று நான்கு இலக்கங்கள் எந்தத் தெருவையும் சொல்வதில்லை. 2501-க்குப் பக்கத்து வீடு 2502 என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. காத்திருப்போர் பட்டியலில் பெயர் மேலே வந்த சமயம் எந்த எண் காலியாக இருந்ததோ அதுதான் கிடைத்தது. பேன்சி நம்பர் கேட்டு வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்.

அப்படியானால் அழைப்பு மட்டும் எப்படிச் சரியான வீட்டுக்குப் போய் மணி அடித்தது? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

எக்ஸ்சேஞ்சுக்குள் எம்.டி.எஃப். என்று ஒரு பெரிய இரும்புச் சட்டம் உண்டு. அதன் ஒரு பக்கம் எண்கள், இன்னொரு பக்கம் தெருவுக்குப் போகும் கேபிளின் ஜோடிக் கம்பிகள். இரண்டையும் ஒரு மெல்லிய ஜம்பர் ஒயர் இணைக்கும். அங்கிருந்து தடித்த கேபிள் மண்ணுக்கடியில் போய்த் தெருமுனையில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் நுழையும். அதுதான் பில்லர். பில்லரிலிருந்து சின்னக் கேபிள்கள் பிரிந்து கம்பத்திலோ சுவரிலோ இருக்கும் டி.பி. பாக்ஸுக்குப் போகும். அந்தப் பெட்டியிலிருந்து டிராப் ஒயர் வேப்பமரக் கிளைக்கு நடுவே தொங்கிக்கொண்டு வீட்டு ஜன்னலுக்குள் போகும். லேண்ட்லைனின் உண்மையான முகவரி என்பது இந்தப் பாதைதான்: எந்த பில்லர், எத்தனையாவது ஜோடி, எந்த டி.பி. பாக்ஸ். வீட்டுக்காரர் அதே ஊரில் தெரு மாறினால் ஜம்பரையும் ஜோடியையும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், எண் அப்படியே இருக்கும். எண்ணுக்கும் வீட்டுக்கும் இருக்கும் உறவு இந்த ஜம்பர் ஒயர் அளவுக்கு மெல்லிய உறவு.

இந்தப் பாதை முழுவதையும் அறிந்தவர் லைன்மேன். 198-க்கு யாராவது போன் ரிப்பேர் என்று புகார் கொடுத்தால் எண்ணும் பில்லரும் ஜோடியும் எழுதிய சீட்டு அவர் கைக்கு வரும். ரொம்ப வருஷம் ஒரே பகுதியில் வேலை பார்த்தவருக்குச் சீட்டே தேவைப்படாது. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற லைன்மேன் ஒருவர் இருக்கிறார். பெரியம்மாவின் நோட்டை அவரிடம் கொண்டுபோனேன்.

“அண்ணாச்சி, இது கல்லிடை நம்பர். எந்த வீடுன்னு சொல்ல முடியுமா?”

“நான் பாத்தது களக்காடு பக்கம்லா? நம்ம ஏரியான்னா நம்பரச் சொன்னதும் வாசல்ல எந்தப் பக்கம் நாய் கட்டிருக்கும்னுகூடச் சொல்லிருவேன். கல்லிடைக்கு அங்க வேல பாத்த ஆளத்தான் கேக்கணும். அந்த ஆளுங்களும் இப்ப இல்ல.”

2020 ஜனவரி 31-ம் தேதி பி.எஸ்.என்.எல்.-லிலிருந்து சுமார் 78,000 பேர் விருப்ப ஓய்வில் ஒரே நாளில் வெளியே வந்தார்கள். அண்ணாச்சியும் அன்றைக்குத்தான் வந்தார். சந்தாதாரர் விவரம் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் மழை பெய்தால் எந்த ஜாயின்டில் தண்ணீர் இறங்கும், எந்த வீட்டு ஆச்சிக்குக் காது கேட்காது, அதனால் மணியைச் சத்தமாக வைக்க வேண்டும் என்பதெல்லாம் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏறவில்லை. எனக்கு இது பெரிய இழப்பாகத்தான் படுகிறது.

இப்போது பல வீடுகளில் செம்புக் கம்பி போய் ஃபைபர் வந்துவிட்டது. பழைய எண்ணை அப்படியே ஃபைபர் இணைப்புக்கு மாற்றி வாங்கிக்கொள்கிறார்கள். நடுவில் சில வருஷம் டபிள்யூ.எல்.எல். என்று கம்பி இல்லாத போனும் இருந்தது. பார்க்க லேண்ட்லைன் எண் மாதிரியே இருக்கும். கருவியை எடுத்துக்கொண்டு வயலுக்கே போய்விடலாம். பெரிய அலுவலகங்களில் ஒரே எண்ணுக்குப் பின்னால் நூறு மேஜை இருக்கும். ‘லேண்ட்லைன் என்றால் ஒரு வீடு’ என்ற கணக்கு இவற்றில் எல்லாம் செல்லாது.

பி.பி. எண்ணிலும் செல்லாது. அத்தை பெயருக்குப் பக்கத்தில் இருந்த அந்த இரண்டு எழுத்தை இளையவர்கள் பலர் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள். போன் அவர்கள் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டிலோ எதிர்க்கடையிலோ இருக்கிறது. கூப்பிட்டுச் சொன்னால் ஆளை அழைத்து வருவார்கள் என்று அர்த்தம். போன் வாங்க வருஷக்கணக்கில் காத்திருந்த காலத்தில் ஒரு தெருவுக்கே ஒரு எண் போதுமானதாக இருந்தது. அதனால் பி.பி. எண்ணின் முகவரியை எப்படியோ கண்டுபிடித்தாலும் அது நாம் தேடுகிறவரின் முகவரி ஆகாது. ஆனால் அவரைத் தெரிந்த ஒருவரின் முகவரி. சொல்லப்போனால் அதுதான் இன்னும் பயன்.

டைரக்டரி ஏன் ஒரு பக்கமே திறந்தது

தொலைபேசி டைரக்டரி வீட்டுக்கு வந்த காலத்தில் பெயர், முகவரி, எண் மூன்றும் ஒரே வரியில் அச்சாகியிருக்கும். வரிசை பெயரின் அகரவரிசை. பெயர் தெரிந்தால் எண் கிடைக்கும். எண்ணை வைத்துப் பெயரைத் தேட வேண்டுமானால் புத்தகம் முழுவதையும் ஒரு வரி விடாமல் பார்க்க வேண்டும். 197-க்குப் போன் செய்தாலும் பெயரும் ஊரும் சொல்லி எண் கேட்பதுதான் வழக்கம். பேர் போட வேண்டாம் என்பவர்கள் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளவும் வழி இருந்தது.

இந்த ஒருவழிப் பாதையில் ஒரு நியாயம் இருந்தது. பெயர் தெரிந்து தேடுகிறவர் பெரும்பாலும் தெரிந்தவர். எண் மட்டும் வைத்துக்கொண்டு வீட்டைத் தேடுகிறவர் யாராகவும் இருக்கலாம். கடன் வசூலுக்கு வருபவராக இருக்கலாம். வீட்டை விட்டு வந்து தனியாக வாழும் ஒரு பெண்ணைத் துரத்துகிறவராக இருக்கலாம். தவறிய அழைப்பில் கேட்ட ஒரு குரலுக்காக வாசலில் வந்து நிற்கிறவராகவும் இருக்கலாம். பெரியம்மா கல்யாணப் பத்திரிகை கொடுக்கத்தான் கேட்கிறார். ஆனால் அவருக்குத் திறக்கும் கதவு மற்றவர்களுக்கும் திறக்கும்.

2017 ஆகஸ்ட் 24-ம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பு சொன்னது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொலைபேசி நிறுவனங்களுக்கான உரிம நிபந்தனைகளும் சந்தாதாரர் விவரத்தைக் காப்பாற்றச் சொல்கின்றன. யாரோ ஒருவர் எண்ணைக் காட்டிக் கேட்டார் என்பதற்காக அலுவலக ஊழியர் முகவரியைக் கொடுக்கக் கூடாது. தெரிந்த ஆள் மூலமாக வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அதற்கு உடன்படாதீர்கள். கொடுப்பவரின் வேலைக்கே ஆபத்து.

தொல்லை கொடுப்பவரைத் தேடுகிறவர்களுக்கு

ஸ்ட்ரோஜர் என்ற பழைய இயந்திர எக்ஸ்சேஞ்ச் காலத்தில், அழைப்பு எங்கிருந்து வருகிறது என்று பிடிப்பது உடம்பால் செய்யும் வேலை. ஒருவர் டயலைச் சுழற்றும்போது எக்ஸ்சேஞ்சுக்குள் இலக்கங்களுக்கு ஏற்ப இயந்திரக் கைகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறித் திரும்பி நிற்கும். பேசி முடிக்கும் வரை அந்தக் கைகள் அப்படியே நிற்கும். டெக்னீஷியன் அழைப்பு வந்து சேர்ந்த இடத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு கையாகப் பின்னோக்கிப் போய் அழைத்தவரின் கம்பியைத் தொட வேண்டும். பேச்சு முடிந்துவிட்டால் கைகள் விழுந்துவிடும், பாதை மறைந்துவிடும். ‘ஆளைப் பேச்சில் பிடித்து வையுங்கள்’ என்று சொன்னது இதனால்தான். வெளியூர் அழைப்பு என்றால் அந்த ஊர் எக்ஸ்சேஞ்சிலும் ஒருவர் இதே வேலையைச் செய்தாக வேண்டும்.

மின்னணு எக்ஸ்சேஞ்ச் வந்தபின் இது தேவையில்லாமல் போய்விட்டது. அழைத்த எண், நேரம், பேசிய கால அளவு எல்லாம் பதிவாகிவிடுகின்றன. 2021 டிசம்பரில் வந்த உத்தரவுப்படி இந்தப் பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதனால் மிரட்டலோ ஆபாசப் பேச்சோ வந்தால் தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். விவரம் கேட்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. முகவரி அவர்கள் கைக்குத்தான் போகும், உங்கள் கைக்கு வராது. வரவும் வேண்டாம், நீங்கள் நேராகப் போய்ச் சண்டை போடுவதால் ஒரு நன்மையும் வராது.

பண மோசடி என்றால் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிடுங்கள். பணம் போகவில்லை, சந்தேகம் மட்டும்தான் என்றால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் எண்ணைத் தெரிவிக்கலாம். இதில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. திரையில் தெரியும் எண் உண்மையில் அழைத்த எண்ணாக இருக்க வேண்டும் என்பதில்லை. இணையம் வழியாக வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டு, இந்திய எண் போலக் காட்டும் தந்திரம் பரவியதால்தான் 2024 அக்டோபரில் அத்தகைய அழைப்புகளைத் தடுக்க அரசு தனி ஏற்பாடு செய்தது. 0462 என்று தெரிந்ததும் நம்ம ஊர் வங்கிதான் என்று நம்பிவிடாதீர்கள். பாஸ்புக்கில் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு நீங்களாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

எண்ணைப் போட்டால் வீட்டை வரைபடத்தில் காட்டுவோம் என்னும் தளங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் எங்கள் வீட்டு எண்ணையே போட்டுப் பார்த்தேன். வரைபடத்தில் அவர்கள் குத்திய புள்ளி எங்கள் ஊரிலேயே இல்லை. குறியீட்டுக்குரிய பெரிய ஊரின் நடுவில் ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். மேலே நாம் படித்த குறியீட்டைத் தாண்டி அவர்களிடம் ஒன்றும் கிடையாது. இதற்குக் காசு கேட்கிறவர்களும் உண்டு, கொடுக்காதீர்கள். அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலிகள் வேறு வகை. அவற்றில் வரும் பெயர், பயன்படுத்துகிறவர்கள் தங்கள் போனில் சேமித்த பெயரிலிருந்தும் அவர்கள் குறித்த குறிப்புகளிலிருந்தும் வருகிறது. கடை, மருத்துவமனை என்றால் பெரும்பாலும் சரியாக இருக்கும். வீட்டு எண் என்றால் யாரோ ஒருவர் எப்படிச் சேமித்தாரோ அப்படித்தான்.

அத்தை வீடு

நம் நோட்டுக்கு வருவோம். 2 சேர்த்து, 04634 போட்டுக் கூப்பிட்டேன். எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் வந்தது. ஆச்சரியமில்லை, லேண்ட்லைனை ஒப்படைத்த வீடுகள்தான் இப்போது அதிகம்.

அப்புறம் பெரியம்மாவிடம் பழைய கல்யாணப் பத்திரிகைகள் இருக்கிறதா என்று கேட்டேன். நம் பக்கத்து வீடுகளில் பத்திரிகையைத் தூக்கிப் போட மாட்டார்களே. ஒரு மஞ்சப்பை நிறைய இருந்தது. ஒரு மத்தியானம் முழுவதும் தரையில் பரப்பிக் கடைசிப் பக்கத்து எண்களை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தோம். 1990-களின் பத்திரிகை ஒன்றில் அதே ஐந்து இலக்கம் இருந்தது. அத்தை பெயரில் இல்லை. ஓர் அரிசிக் கடையின் பெயரில், கடைக்காரர் மகள் கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகை. அதன் கீழே தெருவின் பெயரும் இருந்தது. பி.பி. எண் என்பதற்கு அர்த்தம் அப்போதுதான் முழுசாகப் புரிந்தது: அத்தைக்குப் போன் வந்தால் அரிசிக் கடையிலிருந்து பையன் ஓடிவந்து கூப்பிட்டிருக்கிறான்.

கடை இன்னும் இருக்கிறதா என்று தெரியாது. இருந்தாலும் கடைப் பெயர், தெரு, கல்லிடைக்குறிச்சி, 627416 என்று எழுதி ஒரு கடிதம் போட்டோம். நாங்கள் யார், யாரைத் தேடுகிறோம், எதற்காகத் தேடுகிறோம் என்று பெரியம்மாவே தன் கையால் எழுதினார். எங்கள் போன் எண்ணைக் கொடுத்து, அத்தைக்குச் சம்மதம் என்றால் கூப்பிடச் சொல்லுங்கள் என்றும் சேர்த்தார். முகவரியை அனுப்புங்கள் என்று கேட்கவில்லை. அந்த முறை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. யாரையும் தேடுகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு செல்போன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கடைக்காரரின் மகன். கடையை மூடி வருஷமாகிவிட்டதாம்; போஸ்ட்மேன் கடிதத்தை வீட்டில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அத்தை குடும்பம் விக்கிரமசிங்கபுரத்துக்கு வீடு மாறிவிட்டதாகவும், கடிதத்தை அங்கே கொண்டுபோய்க் காட்டியதாகவும் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலமே அத்தை பேசினார். பத்திரிகையைத் தபாலில் அனுப்ப வேண்டாம், நேரில் கொண்டுவாருங்கள் என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவோடு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்ததும் பெரியம்மா நோட்டை எடுத்தார். பழைய எண்ணை அடிக்கவில்லை. அதற்குக் கீழே இருந்த கொஞ்ச இடத்தில் கதவு எண், தெரு, ஊர், செல்போன் எண் நான்கையும் நுணுக்கி எழுதிவிட்டு ரப்பர் பேண்டைப் போட்டார்.